இலங்கையில் மலேரியா: பெருங்கொள்ளை நோயிலிருந்து ஒழிப்பு வரை

இலங்கை ஏறத்தாழ 65,610 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு சிறிய தீவு நாடு. இருபதாம் நூற்றாண்டில் இந்நாடு எதிர்கொண்ட பொதுச் சுகாதாரச் சிக்கல்களுள் முதன்மையானது மலேரியா. 1934–35 ஆம் ஆண்டுகளில் இந்நோய் கொள்ளை நோயாகப் பரவிச் சுமார் 80,000 உயிர்களைப் பலி கொண்டது. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 17 பேருக்கு மட்டுமே நோய் இருப்பதாகப் பதிவாகும் அளவுக்கு அது குறைந்தது. ஆனால் ஆறே ஆண்டுகளில் மீண்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. இறுதியாக 2016 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நோயை விரட்டுவது ஒரு பணி, விரட்டிய நோயைத் திரும்பவிடாமல் காப்பது வேறொரு பணி என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஈர வலயமும் உலர் வலயமும்

இலங்கையின் தென்மேற்குப் பகுதி தென்மேற்குப் பருவமழையால் நல்ல மழை பெறுவது. இது ஈர வலயம் எனப்படும். வடக்கு, கிழக்கு, வடமத்திய பகுதிகள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. இவை உலர் வலயம் எனப்படும். பண்டைய அரசுகள் கட்டிய பெருங்குளங்கள் பலவும் உலர் வலயத்திலேயே உள்ளன.

மலேரியா அனோபிலிஸ் வகைக் கொசுக்களால் பரவுகிறது என்பதை 1897 ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் நடத்திய ஆய்வின் மூலம் ரொனால்ட் ராஸ் நிறுவ வழிகண்டார். இலங்கையில் இந்நோயை முதன்மையாகப் பரப்பியது அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் கொசு. இது வேகமாக ஓடும் நீரில் முட்டையிடுவதில்லை. வெயில் படும் தெளிந்த, தேங்கிய நீரையே நாடுகிறது.

ஆகவே இரு வலயங்களிலும் நோயின் போக்கு வெவ்வேறாக இருந்தது. உலர் வலயத்தில் ஆண்டுதோறும் மழைக்காலத்தை ஒட்டிக் காய்ச்சல் வரும். அங்கு வாழ்ந்தோர் சிறுவயது முதலே திரும்பத் திரும்ப நோயுற்று ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஈர வலயத்திலோ ஆறுகள் வேகமாக ஓடியதால் கொசு பெருக இடமில்லை. நோய் அரிதாக இருந்ததால் எதிர்ப்பாற்றலும் இல்லை. மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதியும் இதுவே.

கடல் கடந்த தொழிலாளர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களிலும் பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து பெருந்தொகையானோர் இலங்கைக்குச் சென்றனர். தொடக்க காலத்தில் அவர்கள் மன்னார்ப் பகுதியில் கரையிறங்கி, உலர் வலயக் காடுகளின் ஊடே மாத்தளை நோக்கி நடந்தனர். காலரா, அம்மை, காய்ச்சல், பசி ஆகியவற்றால் வழியிலேயே இறந்தோர் பலர்.

1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்து தொடங்கியது. அதன்பின் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பிறகே தீவுக்குள் அனுமதிக்கப்பட்டனர். அம்மை குத்துதலும் கொக்கிப்புழு நீக்க மருந்தும் அங்கு வழங்கப்பட்டன. தீவு நாடு தன் வாசலிலேயே நோயைத் தடுக்க முயன்றதற்கு மண்டபம் முகாம் ஒரு சான்று.

உயரமான மலைத்தோட்டங்களில் மலேரியா குறைவு. ஆனால் கொக்கிப்புழு, இரத்தசோகை, வயிற்றுப்போக்கு ஆகியவை லயன் அறைகளில் வாழ்ந்தோரை வாட்டின. தோட்டப் பகுதியின் குழந்தை இறப்பு வீதம் பல ஆண்டுகள் நாட்டின் சராசரியைவிட உயர்ந்தே இருந்தது. நோயைச் சுமந்து வருபவர் தொழிலாளர் என்ற கண்ணோட்டம் வலுவாக இருந்தது. அவர்கள் வாழ்ந்த இடத்தின் நிலையே அவர்களை நோயாளிகளாக்கியது என்ற உணர்வு பிந்தியே வந்தது.

1934–35 கொள்ளை நோய்

1934 ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகளில் நீரோட்டம் வற்றி, மணற்படுகையில் ஆங்காங்கே குட்டைகள் தேங்கின. கொசு பெருக இதைவிட ஏற்ற இடம் வேறில்லை. உலர் வலயத்துக்கு மழையோடு வந்த நோய், ஈர வலயத்துக்கு மழையின்மையோடு வந்தது.

அக்டோபர் இறுதியில் தொடங்கிய காய்ச்சல், டிசம்பர், ஜனவரி மாதங்களில் உச்சத்தை அடைந்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகக் கொடிய பாதிப்புக்கு உள்ளாயின. அப்போது சுமார் 55 லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் நோயுற்றனர். 1935 ஆம் ஆண்டில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன.

இத்தனை உயிர்கள் போனதற்குக் கொசு மட்டும் காரணமன்று. உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர், தேங்காய் விலைகள் வீழ்ந்திருந்தன. வறட்சியால் விளைச்சலும் இல்லை. உடலில் எதிர்ப்பாற்றல் இல்லாத மக்கள், வயிற்றில் உணவும் இல்லாத நிலையில் நோயை எதிர்கொண்டனர். குடும்பத்தில் அனைவரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கவும் ஆளில்லாத வீடுகள் இருந்தன.

அரசு தற்காலிக மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் திறந்து குயினைன் வழங்கியது. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் கிராமங்களுக்குள் சென்று மருந்தும் உணவும் கொடுத்தனர். மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன ஆகியோர் இப்பணியில் முன்னின்றனர். பசியே நோயாளியைக் கொல்கிறது என்பதைக் கண்ட இத்தொண்டர்கள், மார்மைட் என்னும் ஊட்டச்சத்துப் பசையையும் மருந்தோடு சேர்த்து வழங்கினர். 1935 டிசம்பரில் இவர்களுள் பலர் சேர்ந்து லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினர். 1936 ஆம் ஆண்டுத் தேர்தலில் நோயால் பாதிக்கப்பட்ட ருவான்வெல்ல, அவிசாவளைத் தொகுதிகளிலிருந்து முறையே பெரேராவும் குணவர்தனவும் அரசுப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

மக்கள் வாக்கும் மருத்துவமும்

1931 ஆம் ஆண்டிலேயே இலங்கை வயதுவந்தோர் அனைவருக்குமான வாக்குரிமையைப் பெற்றிருந்தது. எனவே கிராம மக்களின் சாவு அரசியல்வாதிகள் புறக்கணிக்க முடியாத செய்தியாயிற்று. 1926 ஆம் ஆண்டில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறை, கொள்ளை நோய்க்குப் பின் பிற பகுதிகளுக்கும் விரிவடைந்தது. கிராமப்புற மருத்துவமனைகளும் மகப்பேற்று நிலையங்களும் பெருகின. 1951 ஆம் ஆண்டில் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைக் கட்டணம் நீக்கப்பட்டது.

பிற்காலத்தில் மலேரியாவை ஒழிக்க இந்த அடித்தளமே உதவியது. காய்ச்சல் கண்டவர் நடந்து செல்லும் தொலைவில் மருந்தகம் இருந்தால்தான் நோய் கண்டறியப்படும். கண்டறிந்தால்தான் பரவலைத் தடுக்க இயலும்.

டி.டி.டி. காலம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி இலங்கைக்கு வந்தது. 1946 முதல் அது வீடுகளின் உட்சுவர்களில் பரவலாகத் தெளிக்கப்பட்டது. இரத்தம் குடித்த கொசு, அருகிலுள்ள சுவரில் அமர்ந்து ஓய்வெடுக்கும். மருந்து படிந்த சுவரில் அமரும் கொசு இறந்துவிடும். இதுவே இம்முறையின் அடிப்படை.

1946 ஆம் ஆண்டில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம், மறு ஆண்டில் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. இக்குறைவில் டி.டி.டி.யின் பங்கு எவ்வளவு, உணவு, மருத்துவ வசதிகளின் பங்கு எவ்வளவு என்பது குறித்து ஆய்வாளர்களிடையே நீண்டகாலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் சேர்ந்தே பயன் தந்தன எனக் கொள்வது பொருத்தம்.

பதினேழிலிருந்து ஐந்து லட்சம்

1955 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தை அறிவித்தது. இலங்கை 1958 ஆம் ஆண்டில் ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. 1963 ஆம் ஆண்டில் பதிவான நோயாளிகள் 17 பேர். அவர்களுள் 11 பேர் வெளிநாட்டில் நோயைப் பெற்றவர்கள். உள்நாட்டில் நோயுற்றவர்கள் 6 பேர் மட்டுமே.

வெற்றி கிட்டியதாக எண்ணி 1964 ஆம் ஆண்டில் மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது. கண்காணிப்பும் தளர்ந்தது. ஆனால் கொசு அழிந்துவிடவில்லை. இரத்தப் பரிசோதனை எட்டாத காட்டோரச் சேனை நிலங்களிலும், எலஹெரா போன்ற இரத்தினக்கல் அகழும் பகுதிகளிலும் நோய்க்கிருமி தங்கியிருந்தது. கல் எடுத்த குழிகளில் தேங்கிய நீரில் கொசு பெருகியது. பல ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் திரும்பிச் செல்லும்போது கிருமியையும் கொண்டு சென்றனர்.

வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் மாதக்கணக்கில் மறைந்திருந்து மீண்டும் காய்ச்சலை உண்டாக்கக்கூடியது. நோயாளி நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் நோய் அவருள் இருக்கலாம். 1967 இறுதியில் மழை குறைந்து ஆறுகள் குட்டைகளானபோது நோய் மீண்டும் கிளம்பியது. 1969 ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பெரும்பாலானவை வைவாக்ஸ் வகையாக இருந்ததாலும், மருத்துவ வசதிகள் வளர்ந்திருந்ததாலும், 1935 ஆம் ஆண்டைப் போல உயிரிழப்பு நேரவில்லை.

பழைய ஆயுதமும் முனை மழுங்கியிருந்தது. கொசுக்கள் டி.டி.டி.யைத் தாங்கும் ஆற்றல் பெற்றுவிட்டன. எனவே 1970களின் பிற்பகுதியில் மாலத்தியன் பயன்பாட்டுக்கு வந்தது. 1980களின் நடுவில் மீண்டும் ஒரு பெரும் பரவல் ஏற்பட்டது.

போர்க்காலமும் ஒழிப்பும்

1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரின்போது, நோயாளிகளில் பெரும்பாலோர் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தனர். மக்கள் இடம்பெயர்ந்தனர், மருத்துவமனைகள் சிதைந்தன, மருந்துகள் சென்று சேர்வது அரிதாயிற்று. ஆயினும் மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர்களும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களும் இயன்ற இடங்களில் பணியைத் தொடர்ந்தனர். நெடுநாள் பயன்தரும் மருந்தூட்டிய கொசுவலைகள் வழங்கப்பட்டன. நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஊர்களுக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்தன.

1999 ஆம் ஆண்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை அதன்பின் ஆண்டுதோறும் சரிந்தது. 2012 அக்டோபரில் உள்நாட்டில் பரவிய கடைசி நோயாளி பதிவானார். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மேல் உள்நாட்டுப் பரவல் இல்லாததால் 2016 ஆம் ஆண்டில் சான்று கிடைத்தது.

பிற தீவுகளின் பட்டறிவு

தமிழர் வாழும் மற்றொரு தீவான மொரிசியசிலும் இதே கதை நடந்தது. 1866–67 ஆம் ஆண்டுகளில் அங்கு மலேரியா பல்லாயிரம் பேரைக் கொன்றது. 1973 ஆம் ஆண்டில் அந்நாடு மலேரியா அற்றது எனச் சான்று பெற்றது. 1975 ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் நோய் மீண்டும் தலைகாட்டியது. அதை அடக்க மேலும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. அதனால் நோயுள்ள நாடுகளிலிருந்து வரும் பயணிகளைக் கண்காணிக்கும் முறையை அந்நாடு உறுதியாகப் பின்பற்றுகிறது. மாலைத்தீவு 2015 ஆம் ஆண்டில் இச்சான்றைப் பெற்றது.

தீவுகளுக்குக் கடல் ஓர் அரண். எல்லைகள் குறைவு என்பதால் நோயை முற்றிலும் விரட்டுவது எளிது. ஆனால் சிறிய நாட்டில் நோய் நுழைந்துவிட்டால் விரைவில் எங்கும் பரவும்.

இன்றைய நிலையும் தமிழகக் கரையும்

2016 டிசம்பரில் மன்னார்ப் பகுதியில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு கண்டறியப்பட்டது. அதற்குமுன் இலங்கையில் அறியப்படாத இக்கொசு, சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது. குட்டைகளை மட்டும் நம்பாமல் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் முட்டையிடக்கூடியது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. 2018 இறுதியில், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து மொனராகலைப் பகுதியில் மற்றொருவருக்கு நோய் தொற்றியது. உடனே கண்டறிந்து தடுத்ததால் மேலும் பரவவில்லை.

இவ்விரு நிகழ்வுகளும் இரு கரைகளின் நெருக்கத்தை நினைவூட்டுகின்றன. புதுப்பட்டினத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரர்களின் வணிகத் தளமாக இருந்த காலத்தில், இலங்கையின் கரையோரமும் அவர்கள் வசமே இருந்தது. வணிகமும் மக்களும் இக்கடலைக் கடந்தது நெடுங்கால வழக்கம். சென்னை முதல் கடலோரமாக நீளும் ஊர்களில் மூடப்படாத ஒரு மேல்நிலைத் தொட்டி, அவ்வீட்டாரின் நலனை மட்டும் சார்ந்த செய்தியன்று. 2030 ஆம் ஆண்டுக்குள் மலேரியாவை ஒழிக்க இந்தியாவும் இலக்கு வைத்துள்ளது. அது நிறைவேறினால் அண்டைத் தீவுக்கும் பாதுகாப்பு கூடும்.

1934 ஆம் ஆண்டில் கேகாலை மக்கள் நோயை அறியாதவர்களாக இருந்தனர். அதனாலேயே அவர்கள் உடலில் எதிர்ப்பாற்றல் இல்லை. நோய் ஒழிந்தபின் வளரும் தலைமுறையால் இன்று தீவு முழுவதும் அந்நிலையை நோக்கிச் செல்கிறது. கொசு இருக்கிறது, எதிர்ப்பாற்றல் மறைந்துவருகிறது, கிருமி மட்டும் இல்லை. அன்று கேகாலையிடம் இல்லாத ஒன்று இன்றைய இலங்கையிடம் உள்ளது: காய்ச்சலோடு வரும் பயணியின் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம். நோயாளியே இல்லாத ஆண்டுகளிலும் அப்பழக்கத்துக்குப் பணமும் ஆளும் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே 1963 ஆம் ஆண்டின் பதினேழு நோயாளிகள் விட்டுச்சென்ற பாடம்.