வண்டி மறைந்தும் வாழும் அச்சு

வரலாற்றுக்குச் சான்றுகள் யாவை என்று வினவினால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று மாணவர்கள் தயங்காமல் விடையிறுப்பார்கள். விடை சரியே. ஆயினும் சான்று என்பது அரசர்கள் எழுதி வைத்துச் சென்றவற்றோடு முடிந்துவிடுவதில்லை. தொழிலாளி தன் வேலைக்கெனச் செய்து, வேலை முடிந்ததும் கொல்லைப்புறத்தில் சார்த்திவிட்டுப் போன கருவியும் சான்றுதான். அத்தகைய சான்று ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அமெரிக்க நாட்டில், சிறப்பாகக் கலிபோர்னியா மாநிலத்தில், மோட்டார் வண்டிகளின் மேற்கூட்டை வார்த்தெடுக்கப் பயன்பட்ட கண்ணாடியிழை அச்சுகளே அவை.

முதலில் பொருளின் தன்மையை அறிந்துகொள்வோம். கண்ணாடியை உருக்கி, தலைமயிரினும் மெல்லிய இழையாக இழுக்கலாம். இவ்விழையைப் பெருமளவில் செய்யும் முறை 1930களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வளர்ந்தது. 1938இல் ஓவன்ஸ்-கார்னிங் என்ற நிறுவனம் இதற்கெனவே தோன்றியது. இழையைப் பாய்போல் விரித்து, பாலியெஸ்டர் என்னும் பிசினில் தோய்த்தால், பிசின் இறுகி உறுதியான ஓடாகிவிடும். அவ்வோடு எஃகைவிட இலேசானது, துருப்பிடிக்காதது. இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களில் ராடார் கருவிகளை மூடும் கவிகைகள் இப்பொருளாற் செய்யப்பட்டன. போர் முடிந்தபின் இப்பொருள் படகு கட்டுவோர் கைக்கு வந்தது. அவர்கள் வழியே வண்டி கட்டுவோரிடம் சென்றது.

வண்டி கட்டுவோர் இதனை விரும்பியது ஏன்? எஃகுத் தகட்டை வளைத்து மேற்கூடு செய்யவேண்டுமானால், பெரிய அழுத்து எந்திரங்களும் கனத்த எஃகு அச்சுகளும் வேண்டும். அவற்றுக்கான செலவைப் பெரிய நிறுவனங்களே தாங்கும். கண்ணாடியிழைக்கோ மரமும் சாந்தும் பொறுமையும் போதும். மரத்தாலும் சாந்தாலும் வண்டியின் வடிவத்தை முழு அளவில் ஒரு மாதிரியாகச் செய்வார்கள். அதனைத் தேய்த்து மெருகேற்றி, மெழுகு பூசி, அதன்மேல் இழையையும் பிசினையும் அடுக்கடுக்காக இடுவார்கள். இறுகியபின் கழற்றினால் கிடைப்பது அச்சு. அவ்வச்சின் உட்புறத்தில் மீண்டும் இழையும் பிசினும் இட்டு எடுத்தால் கிடைப்பது வண்டியின் மேற்கூடு. நம் வீட்டுக் கொழுக்கட்டை அச்சில் மாவை அழுத்தி எடுப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. ஓர் அச்சிலிருந்து பல கூடுகளை எடுக்கலாம்.

கலிபோர்னியாவில் கண்ணாடியிழைப் படகு கட்டிவந்த பில் டிரிட் என்பவர், ஒரு விமானப்படை அதிகாரிக்காக ஜீப்பின் அடிச்சட்டத்தின்மேல் பொருத்தும் அழகிய கூடு ஒன்றை இம்முறையில் செய்தார். அவ்வண்டி 1951இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. டிரிட்டின் கிளாஸ்பார் நிறுவனம் அத்தகைய கூடுகளை விற்கத் தொடங்கியது. மறு ஆண்டு 'லைஃப்' இதழ் பிளாஸ்டிக் வண்டிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிடவே, நாடெங்கும் ஆர்வம் பெருகிற்று. 1953இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே கண்ணாடியிழைக் கூடு கொண்ட கார்வெட் வண்டியை வெளியிட்டது. முதலாண்டில் வெளிவந்தவை 300 வண்டிகள். சிறு பட்டறையில் பிறந்த முறையைப் பெரிய தொழிற்சாலையும் ஏற்றுக்கொண்டது என்பது கருதத்தக்கது.

எல் மாண்டி என்னும் ஊரில் பில் டெவின் என்பவர் மற்றொரு வழி கண்டார். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் அடிச்சட்டங்கள் பல அளவின. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு முழு அச்சுச் செய்வது இயலாது. எனவே அவர் அச்சைப் பல துண்டுகளாகச் செய்து, வேண்டியவாறு இணைத்து, 27 அளவுகளில் கூடு வார்த்தார். அவற்றின் தொடக்க விலை 295 டாலர். ஆதலால், டெவின் அச்சின் ஒரு துண்டு மட்டும் ஒருவருக்குக் கிடைத்தால், அதனைக்கொண்டு முழு வண்டியின் நீளத்தை அறுதியிட்டுக் கூறுதல் அரிது.

இனி, அச்சின் வரலாற்றில் துயரமான ஒரு பகுதிக்கு வருவோம். புரூஸ் மேயர்ஸ் என்பவரும் படகு கட்டியவரே. கடற்கரை மணலில் ஓடுவதற்கென 1964இல் 'மேயர்ஸ் மாங்ஸ்' என்ற சிறு வண்டியை உருவாக்கினார். பின்னர் ஃபோக்ஸ்வேகன் வண்டியின் அடித்தளத்தைக் குறுக்கி, அதன்மேல் பொருத்தும் வகையில் அதனைத் திருத்தி விற்றார். வண்டி புகழ்பெற்றது, உடனே போலிகளும் தோன்றின. போலி செய்வோருக்குப் புதிய மாதிரி தேவையில்லை. ஒரு கூட்டை விலைக்கு வாங்கி, மெழுகு பூசி, அதன்மேல் இழை இட்டால் அச்சு ஆயத்தமாகிவிடும். மேயர்ஸ் நீதிமன்றம் சென்றார். 1969இல் வழக்குத் தோற்றது. அவர் பெற்றிருந்த காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1971இல் நிறுவனம் மூடப்பட்டது. ஆயினும் காலம் அவரை மறக்கவில்லை. அவர் செய்த முதல் வண்டி 2014இல் அமெரிக்க நாட்டின் வரலாற்று வண்டிகளுக்கான பதிவேட்டில் இடம்பெற்றது.

ஆகவே ஒரு பழைய அச்சைக் காண்பவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, 'இது எந்த வண்டியின் அச்சு?' என்பது மட்டுமன்று. 'இது படைத்தவன் செய்த அச்சா, படியெடுத்தவன் செய்த அச்சா?' என்பதும் கேட்கப்படவேண்டும்.

இதற்கு அச்சே விடை கூறும். நன்கு செய்த அச்சில் உட்புறம் வழவழப்பாகவும், வெளிப்புறம் கரடுமுரடாகவும் இருக்கும். வெளியே மரச்சட்டங்கள் பதித்திருக்கும். துண்டுகள் சேருமிடத்தில் விளிம்புப் பட்டைகளும் போல்ட்டுத் துளைகளும் காணப்படும். உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும். திருகாணித் தலை, அடைக்கப்பட்ட துளை, கதவின் இடுக்கு, பழைய பெயிண்டின் சிராய்ப்பு ஆகியவற்றின் பதிவு அங்கே இருப்பின், அஃது ஓடிய வண்டியிலிருந்து எடுக்கப்பட்ட படியாதல் கூடும். மேலும், பாலியெஸ்டர் பிசின் இறுகும்போது சிறிது சுருங்கும். படிக்குப் படி எடுக்குந்தோறும் அளவு சற்றே குறையும்; கூர்மையான விளிம்புகள் மழுங்கும். பின்னர், முன்சக்கர வளைவின் நடுவிலிருந்து பின்சக்கர வளைவின் நடுவரை அளந்து, அக்காலத்து இதழ்களின் விளம்பரங்களோடும் எஞ்சியுள்ள கூடுகளோடும் ஒப்பிடவேண்டும். ஒரே அடையாளத்தைக் கண்டு முடிவு கட்டுவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று.

அச்சைப் பயன்படுத்த விரும்புவோர், முதலில் அதனைப் படமெடுத்து, அளவுகளைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பிறகு கழுவி, வெடிப்புகளை அடைத்துத் தேய்த்து, பலமுறை மெழுகு பூசவேண்டும். ஒரு மூலையில் சிறு துண்டு வார்த்துக் கழற்றிப் பார்த்தபின்னரே முழுக்கூட்டைத் தொடங்கவேண்டும். ஒட்டிக்கொண்டால் கூடும் கெடும், அச்சும் கெடும். இரண்டும் கெட்டபின் வடிவமே உலகில் இல்லாது போகலாம். நலிந்த அச்சாயின், ஒரே ஒரு கூடு எடுத்து, அதனை மாதிரியாக வைத்துப் புதிய அச்சுச் செய்துகொண்டு, பழையதற்கு ஓய்வு கொடுப்பதே அறிவுடைமை. பிசினின் ஆவியும் இழையின் தூளும் மூச்சுக்குத் தீங்கு செய்வன. ஆதலின் காற்றோட்டமும் முகமூடியும் இன்றியமையாதவை.

இறுதியாக ஒன்று கூறுவேன். பழைய அச்சில் இன்று வார்த்த கூடு, இன்றைய கூடே. அன்றைய வண்டி அன்று. அதனை அவ்வாறே சொல்லி விற்பவன் தொழிலாளி. மறைத்து விற்பவன் வரலாற்றைப் பொய்யாக்குகின்றான். வார்த்த ஆண்டைக் கூட்டின் உட்புறத்தில் பொறித்துவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. இரும்பு வண்டி துருவேறி மண்ணோடு மண்ணாகும். அதன் வடிவத்தைத் தாங்கிய ஓடு, யாரும் ஏறெடுத்துப் பாராமல், வெயிலிலும் மழையிலும் கிடக்கின்றது. அதனைக் குப்பையென்று அறுத்தெறியுமுன் ஒருமுறை உட்புறத்தைத் தடவிப் பார்ப்பவனே வரலாற்று மாணவன். நம் ஊர்ப் பட்டறைகளிலும் இன்று பயனற்றவை எனத் தோன்றும் கருவிகள் பல உண்டு. மாணவர்களே, அவற்றின் பெயரையும் பயனையும், செய்தவர் யார் என்பதையும், தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்து வையுங்கள்.