யாரிடம் படித்தது?

கதாபாத்திரங்களுக்குப் பெயர் வைத்தே பிழைக்கிறவன் நான். வேலை நிலைத்துப்போய், செய்தவர் பெயர் மட்டும் மறைந்துவிட்டால் என் மனம் பொறுப்பதில்லை. யந்திரம் நட்சத்திரங்களை வகைபிரிக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றைப் படித்தபோதும் கவனம் அங்கேதான் போயிற்று.

நட்சத்திரத்தின் ஒளியைப் பட்டகத்தின் வழியே விட்டுப் படம் பிடித்தால், குறுக்கே கோடுகள் ஓடும் சிறு பட்டை ஒன்று கிடைக்கும். அந்தக் கோடுகளைக் கொண்டு நட்சத்திரத்தின் இனத்தைச் சொல்லலாம். 1880-களில் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில் இத்தகைய படங்கள் கண்ணாடித் தகடுகளில் குவிந்தன. அதன் தலைவர் பிக்கரிங், அவற்றைப் பார்க்கப் பெண்களை அமர்த்தினார். மணிக்கு 25 சென்ட் கொடுத்தால் போதுமே!

அவர்களில் வில்லியமினா ஃபிளெமிங், கணவனால் கைவிடப்பட்டு, பிக்கரிங்கின் வீட்டிலேயே பணிப்பெண்ணாக இருந்தவர். 1890-ல் வெளிவந்த ஜாபிதாவில் 10,000-க்கு மேற்பட்ட நட்சத்திரங்கள். வகைபிரித்ததில் பெரும்பங்கு ஃபிளெமிங்குடையது. நூலாசிரியர் பெயரோ பிக்கரிங்குடையது.

அடுத்து வந்தவர் ஆனி ஜம்ப் கானன். காது சரியாகக் கேளாது. ஆனால் கண் என்றால் அதுவல்லவா கண்! பூதக்கண்ணாடியும் கையுமாக அவர் சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்வார். 1911 முதல் 1915 வரை மாதத்துக்கு 5,000 வீதம், 2,25,000-க்கு மேல் பார்த்துத் தீர்த்தார். வெப்பம் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று அவர் ஒழுங்குசெய்த வரிசைதான் இன்றும் வழங்குகிறது.

பிறகு மிச்சிகன் சர்வகலாசாலையில் நான்ஸி ஹூக் என்ற பெண்மணி, அதே ஜாபிதாவின் நட்சத்திரங்களைப் புதிய படங்களில் மறுபடியும் கண்ணாலேயே பார்க்கத் தொடங்கினார். முதல் பாகம் 1975-ல் வந்தது; ஐந்தாம் பாகம் 1999-ல்.

இதற்கிடையில்தான் யந்திரம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. திண்ணைப் பள்ளியில் வாத்தியார் குழந்தையின் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதவைப்பாரே, ஏறக்குறைய அதே முறைதான். பட்டையைக் காட்டி, யந்திரத்தின் விடையைக் கேட்டு, பிழையானால் அதன் கணக்கைச் சற்றே திருத்துவது. இப்படியே ஆயிரக்கணக்கான தடவை. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 5,000-க்கு மேற்பட்ட பட்டைகளைக் கொண்டு இதைச் செய்தார்கள். ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் பத்துப் படிகள் உண்டு; யந்திரம் பெரும்பாலும் ஒரு படிக்கு மேல் பிசகவில்லை.

எதிலிருந்து பிசகவில்லை? ஹூக் அம்மையார் சொன்னதிலிருந்து! வாத்தியாரின் கண்தான் அங்கே உரைகல். அந்தக் கண் தவறியிருந்தால், சிஷ்யப் பிள்ளையும் அதே தவற்றை அச்சுப் பிசகாமல் ஒப்பித்திருக்கும்.

யந்திரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2022-ல் ஐரோப்பியரின் கையா விண்கலம் தந்த பட்டைகள் சுமார் 22 கோடி. கானன் அம்மையாரின் வேகத்தில் பார்த்தாலும் 3,600 வருஷங்களுக்கு மேல் ஆகும். அதற்கு மனிதக் கண் போதாது.

ஆனால் கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டால், "யாரிடம் படித்தாய், அப்பா?" என்று கேட்பது நம் வழக்கம். யந்திரத்தின் சாமர்த்தியத்தை மெச்சும்போதும் அதைக் கேட்டுவிடுவோம். பதிலாக வரும் பெயர்களில் ஒன்று, மணிக்கு 25 சென்ட் காலத்துப் பெண்களுடையது.