குறுந்தொகை அலவன்

காஞ்சிமாநகர்க்குத் தெற்கே பாலாற்றங்கரையில் அமைந்த செவிலிமேட்டில் வாழ்வார்க்கு, நண்டு என்ற அளவில் நினைவுக்கு வருவது வயல் வரப்பைத் துளைக்கும் நண்டே. அவ்யாறே கிழக்கே சென்று வயலூருக்கு அருகில் கடலொடு கலக்கும் இடத்து மணலில் அளை அகழ்ந்து வாழும் நண்டு முற்றும் வேறானது. அகராதிகள் 'அலவன்' என்பதற்கு நண்டு என்னும் பொதுப்பொருள் கூறி அமைகின்றன. சொற்பொருளுக்கு அது போதும். பாட்டின் குறிப்புப் பொருளுக்குப் போதாது என்பதே ஈண்டு யான் கூற விரும்புவது.

ஐங்குறுநூற்றுக் களவன் பத்தில் ஓரம்போகியார் பாடிய நண்டு, நெற்கதிரைக் கவர்ந்துகொண்டு ஈரமான மண்ணளைக்குட் புகுவது. அது நன்னீரில் வாழும் வயல் நண்டு என்பதில் ஐயமில்லை. ஆராய்தற்குரியது நெய்தல் நிலத்து அலவனே.

குறுந்தொகை 351ஆம் பாட்டில் அம்மூவனார் அதன் இயல்புகளைச் செறித்துக் கூறுகின்றார். விரைந்து செல்லும் வளைந்த கால், அளையில் வாழ்க்கை, கூரிய நகம் ஈரமணலில் இட்ட வரி, அவ்வரியைச் சிதைக்கும் அலை என்பன அவை. கடற்கரை மணலிற் புதையும் சிற்றுயிர்கள் பல. அவற்றுள் மூன்று இங்கு ஒப்புநோக்கத் தக்கன.

அலை புரளும் இடத்தே முட்டை வடிவினதாய்ப் புதைந்து கிடக்கும் எமெரிட்டா ஒன்று. அது பின்னோக்கியே மணலுட் புகும். உணர்கொம்புகளை மட்டும் வெளியே நீட்டி நீரோடு வரும் இரையைப் பற்றும். அதற்குக் கொடுக்கும் இல்லை, நிலைத்த அளையும் இல்லை. ஆதலின் அது விலக்கத்தக்கது. மற்றொன்று டொட்டில்லா என்னும் மிகச் சிறு நண்டு. அது மணலை வாயிலிட்டுச் சலித்து, சிறு உருண்டைகளாக அளையைச் சுற்றிப் பரப்பும். அது விட்டுச் செல்வன உருண்டைகளே. நகத்தால் எழுதிய வரி என்று அவற்றைக் கூறுதல் பொருந்தாது. எஞ்சியது, நீண்ட காம்பின்மேல் கண்ணுடைய ஓசிபோடு. 1795இல் வெபர் என்பார் இட்ட இப்பேரினப் பெயர், கிரேக்க மொழியில் 'விரைந்த காலுடையது' எனப் பொருள்படும். அம்மூவனார் முதலிற் கண்டதும் அக்காலையே! எல்லா இயல்பும் இதற்கே பொருந்துதலின் நெய்தல் அலவன் இதுவே எனத் துணியலாம்.

இத்துணிபாற் பயன் என்னை? முதிர்ந்த ஓசிபோடு தன் அளையைப் பெரும்பாலும் ஓதம் எட்டும் எல்லைக்கு மேலேயே அகழும். செவுளை நனைத்தற்கும் இரை தேடுதற்கும் ஈரமணலுக்கு இறங்கி வரும். எனவே அதன் அடிச்சுவட்டை அலை அழித்தல் நாடோறும் நிகழ்வது. அளையை அழித்தலோ அரிது. இவ்வேறுபாட்டை மனத்துட்கொண்டு 351ஆம் பாட்டையும் பரணர் பாடிய 328ஆம் பாட்டையும் அடுத்தடுத்துப் படித்தல் வேண்டும்.

முன்னதில் தமர் வரைவுக்கு உடன்பட்டனர். ஊர் இன்னும் அலர் தூற்றுமோ எனத் தோழி வினவுகின்றாள். அங்கே அலையால் அழிவது வரி மட்டுமே. ஊரார் பேச்சும் அவ்வாறே எளிதின் மறையும். பின்னதில் தலைவன் வந்த நாள் சில. அலரோ போர்க்களத்து ஆரவாரத்தினும் பெரிது. அங்கே அழிவது ஞாழல் வேரிடத்து அமைந்த அலவனின் சிறுமனை. மரம் வேரூன்றி நிற்கும் மணல் நாடோறும் அலை புரளும் மணலன்று. அத்துணை மேலே ஏறி வந்து மனையைச் சிதைக்கும் அலை, வழக்கத்துக்கு மிஞ்சிய அலை. தலைவியின் இல்லம்வரை எட்டிய அலருக்கு அது தக்க குறிப்பாகின்றது. இரண்டிடத்தும் 'அலை நண்டை வருத்திற்று' என்று மட்டும் உரைத்துச் செல்வார்க்கு இவ்வேறுபாடு புலனாகாது.

303ஆம் பாட்டில் அம்மூவனார் அலவனைப் பொன்னிற வரியுடையது என்றாரே எனின், இவ்வின நண்டுகளின் நிறம் வளர்ச்சிக்கேற்பவும் பகலிரவுக்கேற்பவும் மாறும். ஆதலின் நிறத்தைக் கொண்டு இனம் துணிதல் இயலாது. அப்பாட்டில் நிறத்தினும் இடமே நோக்கத்தக்கது. மகளிர் அலவனை ஓட்டி விளையாடியது புன்னை நிழலில். அதுவும் மரம் நிற்கும் மேட்டு மணலே.