கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சொட்டு நீர்ப் பாசன மானியம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நீரைச் சிக்கனப்படுத்துவதற்காக உழவருக்கு அரசு தரும் உதவிகளில் முதன்மையானது சொட்டு நீர்ப் பாசன மானியம். கிருஷ்ணகிரி அணையும் கெலவரப்பள்ளி அணையும் தென்பெண்ணையின் நீரை ஒரு பகுதி நிலத்துக்கே தருகின்றன. மற்ற இடங்களில் மாவும் தக்காளியும் ஓசூர் ரோஜாவும் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியே விளைகின்றன. அடியில் கடும்பாறை, மழைநீர் தங்குவதற்குப் பாறை வெடிப்புகளை விட்டால் அதிக இடமில்லை.

இந்தியாவில் சொட்டு நீர்ப் பாசனச் சோதனைகள் 1970களில் நடந்தன. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதில் முன்னோடி. ஆனால் குழாய், வடிகட்டி, உரத்தொட்டி எல்லாம் சேர்ந்த செலவு சிறு உழவருக்குக் கட்டுப்படியாகவில்லை. 2006இல் வந்த நடுவண் அரசுத் திட்டம் செலவில் பாதியை ஏற்றது. 2010இல் அது தேசிய நுண்ணீர்ப் பாசன இயக்கமாகி, சிறு, குறு உழவருக்கு 60 விழுக்காடு ஆனது. 2015இல் அது பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின்கீழ் வந்து, ‘ஒரு துளி நீரில் அதிகப் பயிர்’ என்ற பெயர் பெற்றது. நடுவண் விதிப்படி சிறு, குறு உழவருக்கு 55, மற்றவர்களுக்கு 45 விழுக்காடு. தமிழ்நாடு தன் நிதியைக் கூட்டி அதை 100, 75 என உயர்த்தியது. இவ்வளவு தாராளம் நாட்டில் அபூர்வம்.

பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவை வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் பூவும் காய்கறியும் பயிரிடுவோர் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள். காகிதம் நிலவுடைமையாளர் பெயரில் இருக்கிறது.

சொட்டுநீரால் களை குறைகிறது, உரம் வேரிலேயே சேர்கிறது, ஆள்கூலி மிச்சமாகிறது. இதில் ஐயமில்லை. ஆனால் மிச்சமான நீர் நிலத்தடியிலேயே இருக்கிறதா? முன்பு ஒரு ஏக்கருக்குப் போதாத கிணற்று நீர், குழாய் போட்டபின் இரண்டு ஏக்கருக்குப் போதுமென்றால், எந்த உழவரும் இரண்டாம் ஏக்கரைத் தரிசாக விடமாட்டார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. உழவுக்கான மின்சாரமோ 1984இல் சிறு உழவருக்கும், 1990இல் அனைவருக்கும் இலவசமாயிற்று. ஒரு கையால் நீரைச் சேமிக்கக் குழாய்க்குப் பணம், மறு கையால் நீரை இறைக்க மின்சாரம்: இரண்டையும் தருவது ஒரே அரசுதான்.

அமெரிக்காவில் புழுதிப் புயல்களுக்குப் பின் 1936இல் வந்த சட்டம், மண்ணைக் காக்கும் பயிர்களை இட்டவருக்குப் பணம் தந்தது. 1985இல் தொடங்கிய இன்னொரு திட்டம், அரிப்புக்கு உள்ளான நிலத்தைப் பயிரிடாமல் புல்லும் மரமும் வளர்க்க ஆண்டு வாடகை தருகிறது. அங்கே உழவர் செய்கிற செயலுக்குப் பணம். இங்கே அவர் வாங்குகிற கருவிக்கு.

இந்தியாவிலும் வேறு வழி பார்த்திருக்கிறார்கள். பஞ்சாப் 2018இல், ஒதுக்கிய அளவைவிடக் குறைவாக மின்சாரம் செலவிட்ட உழவருக்கு, மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் தரும் சோதனையைத் தொடங்கியது. அதற்கு முதல் தேவை பம்புசெட்டில் மீட்டர். தமிழ்நாட்டில் உழவர் மின்இணைப்புகள் பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. அந்தப் பேச்சை எடுத்தாலே, இலவசம் பறிபோகுமோ என்ற அச்சம் உழவரிடையே எழுகிறது.