வேகஸ் நரம்பு

வேகஸ் நரம்பு மனித உடலின் 12 இணை மூளை நரம்புகளில் பத்தாவது. மற்றவை பெரும்பாலும் தலையோடும் கழுத்தோடும் நின்றுவிட, இது மட்டும் வயிறுவரை இறங்குகிறது. முகுளத்தில் தோன்றி, மண்டையோட்டின் அடியிலுள்ள ஒரு துளை வழியே வெளிவந்து, கழுத்தில் கரோட்டிட் தமனியுடனும் கழுத்துச் சிரையுடனும் ஒரே உறைக்குள் செல்கிறது. மார்பில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கிளைவிட்டபின் உணவுக்குழாயை ஒட்டி உதரவிதானத்தைக் கடக்கிறது. இரைப்பை, கணையம், சிறுகுடல் ஆகியவற்றோடு பெருங்குடலின் முற்பகுதியையும் எட்டுகிறது. காதிலும் இதற்கொரு சிறு கிளை உண்டு. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவது அதனால்தான்.

மூளையின் கட்டளையை உறுப்புகளுக்குச் சேர்க்கும் நரம்பு என்றே இதைப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இதன் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகின்றன. இரைப்பை எவ்வளவு விரிந்திருக்கிறது, நுரையீரல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையெல்லாம் மூளை இதன் வழியாகவே அறிகிறது.

கீழ்நோக்கிய பணிகளில் முதன்மையானது இதயத்தை நிதானப்படுத்துவது. நரம்புகளின் தலையீடு இல்லாவிட்டால் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஓய்வில் அது எழுபதை ஒட்டி நிற்பது வேகஸ் இடைவிடாமல் போட்டுவைத்திருக்கும் பிரேக்கினால். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு இந்தத் தொடர்பு அறுந்துவிடுவதால், சும்மா இருக்கும்போதும் துடிப்பு வேகமாகவே இருக்கும். ஊசியையோ ரத்தத்தையோ கண்டு சிலர் மயங்கி விழுவதற்கு, இந்த பிரேக் திடீரென இறுகுவதும் ரத்த அழுத்தம் சரிவதும் காரணம்.

வேகஸைத் தூண்டினால் இதயத்துடிப்பு குறையும் என்பதை வெபர் சகோதரர்கள் 1845இல் காட்டினர். எப்படிக் குறைகிறது என்ற கேள்விக்கு 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி விடை கண்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் செலுத்தினார். அதுவும் நிதானமாயிற்று. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே பேசுகிறது என்பது இதனால் உறுதியானது. அப்பொருள் அசிட்டைல்கோலின். ஹென்றி டேலுடன் 1936இல் நோபல் பரிசு பெற்ற லோவியிடம் நாஜிகள் அப்பரிசுப் பணத்தைப் பறித்துக்கொண்டே நாட்டைவிட்டு வெளியேற விட்டனர்.

குரல்வளைக்குச் செல்லும் இடப்பக்கக் கிளையின் பாதை விசித்திரமானது. நேராகப் போகாமல் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றித் திரும்ப மேலேறுகிறது. ஒட்டகச்சிவிங்கியில் இந்தச் சுற்றுவழி பல மீட்டர் நீளம். தைராய்டு அறுவையில் குரல்வளைக் கிளை காயப்பட்டால் குரல் கரகரக்கும்.

இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டுவதும் வேகஸே. அதனால் ஒரு காலத்தில் வயிற்றுப்புண்ணுக்கு இதை வெட்டிவிடுவார்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வந்தபின் அந்த அறுவை அரிதாகிவிட்டது. இன்று வெட்டுவதைவிடத் தூண்டுவதே சிகிச்சை. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கு, மார்பில் பதித்த கருவியால் இடப்பக்க வேகஸைத் தூண்டும் முறைக்கு அமெரிக்கா 1997இல் அனுமதி தந்தது.

குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தினால் வேகஸ் தூண்டப்பட்டு இதயத்துடிப்பு குறைவது உண்மை. ஆனால் அதனாலேயே மனச்சோர்வும் குடல் நோயும் தீரும் என்று சமூக ஊடகங்களில் பரவும் பேச்சுக்குப் போதிய சான்று இல்லை.