கோடு, வட்டம், கனசதுரம்: பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு டிராயிங் வரலாறு

"படம் போடறதெல்லாம் கடவுள் குடுத்த வரம், எல்லாருக்கும் வராது" என்ற பேச்சைக் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. முதலாமாண்டு டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரை போர்டில் மாட்டத் தெரியாமல் முழித்த கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வரைதலை, எழுத்தையும் கணக்கையும் போல, படிப்படியாகச் சொல்லித்தரலாம் என்ற எண்ணத்துக்குச் சென்னையில் 170 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

செம்பரம்பாக்கத்தில் பஸ் ஏறி பூந்தமல்லி வழியாக நேரே கிழக்கே போனால், சென்ட்ரலுக்குச் சற்று முன்னால் பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரியின் பழைய சிவப்புக் கட்டடம் வரும். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற சர்ஜன் 1850-ல் தன் சொந்த முயற்சியால் தொடங்கிய பள்ளிதான் இது. டாக்டருக்கு எதற்கு டிராயிங் என்று கேட்கலாம். கைத்தொழில் வளரவேண்டுமானால் தொழிலாளிக்கு வரையத் தெரியவேண்டும் என்பது அவர் கணக்கு. 1855-ல் அரசாங்கம் பள்ளியை ஏற்றுக்கொண்டது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரெட்கிரேவ் வகுத்த சவுத் கென்சிங்டன் பாடத்திட்டம் பிரபலம். இருபதுக்கும் மேற்பட்ட படிகள். முதல் படி, கருவி வைத்து நேர்கோடும் வடிவியல் உருவங்களும். பிறகு வெறுங்கையால் வெளிக்கோடு, அதன்பின் நிழல், கடைசியில்தான் மனித உருவமும் வண்ணமும். இந்த முறையின் சாயல் இந்தியக் கலைப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. ஃப்ரீஹேண்ட், மாடல், ஜியோமெட்ரிகல் என்று பிரித்து நடந்த அரசுத் தொழில்நுட்ப டிராயிங் தேர்வுகளை எழுதிய பெரியவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கலாம்.

நம் பக்கத்து டிராயிங்குக்கு வேறொரு வேர். பிரான்ஸில் காஸ்பார் மோங்ஜ் வகுத்த விவரண வடிவியல், கோட்டை கட்டும் ரகசியமாக ராணுவத்துக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தது. பாரிஸில் எகோல் பாலிடெக்னிக் 1794-ல் தொடங்கியபின்தான் அது வெளியே வந்து பாடமாயிற்று. அதே 1794-ல்தான் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் இங்கே மெட்ராஸில் சர்வே பள்ளி ஆரம்பமானது. அதுதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. நாம் கஷ்டப்பட்டுப் போட்ட டாப் வியூ, ஃப்ரண்ட் வியூ எல்லாம் மோங்ஜ் போட்ட பிச்சை!

இதையெல்லாம் வெள்ளைக்காரன் வந்துதான் கற்றுக்கொடுத்தானா? இல்லவே இல்லை. நம் சிற்பிகள் முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று வைத்து, அதை 12 அங்குலமாகப் பிரித்து, உத்தம தசதாலச் சிலைக்கு 124 அங்குலம் என்று கணக்குப் போட்டவர்கள். (இந்த அங்குலம் நம் ஸ்கேலில் உள்ள இஞ்ச் அல்ல, சிலையின் அளவுக்கேற்ப மாறுவது.) நம் அம்மாக்கள் தினமும் காலையில் புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போடுவதும் வடிவியல்தான். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவர் குழுவினரும் 1970-களில் இந்தக் கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள்.

சண்டை வந்ததும் இந்த இடத்தில்தான். 1884-ல் மெட்ராஸ் பள்ளிக்கு வந்த ஈ.பி. ஹேவல், இங்குள்ள கலைஞனுக்கு ஐரோப்பிய மாதிரியைக் காப்பியடிக்கக் கற்றுத்தருவது வீண், இந்த மண்ணின் மரபே அடிப்படையாகட்டும் என்ற கட்சிக்காரர். 1896-ல் கல்கத்தா கலைப் பள்ளிக்குப் போய் அதை நடைமுறைப்படுத்தியபோது மாணவர்களிடமிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. ஐரோப்பிய முறை படித்தால்தான் உத்தியோகம் என்பது அவர்கள் பயம். சோறு போடும் படிப்பா, சொந்த மரபா என்ற அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒன்று உண்டு. எந்தப் பொருளையும் முதலில் எளிய உருவமாகப் பார்க்கவேண்டும் என்பதுதான் அது. குடத்தின் வயிறு உருண்டை, கழுத்து உருளை. அதன் வாய் வட்டம்தான், ஆனாலும் சாய்த்துப் பார்க்கும் கண்ணுக்கு நீள்வட்டம். 1904-ல் பிரெஞ்சு ஓவியர் செசான் இளம் ஓவியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலும் உருளை, உருண்டை, கூம்பு என்றுதான் இயற்கையைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்.

தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இப்போது கேட் சாஃப்ட்வேரில் ஒரு கிளிக்கில் முப்பரிமாணம் வந்துவிடுகிறது, சந்தோஷம். ஆனால் சைட்டில் மேஸ்திரியிடம் லேப்டாப்பைத் திறந்து காட்ட நேரமிருக்காது. சிமெண்ட் பை அட்டையில் நாலு கோடு போட்டுக் காட்டினால்தான் வேலை நடக்கும். பத்து வருஷ சைட் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு சாயங்காலம் பேப்பரும் பென்சிலுமாக நம் ஏரிக்கரைப் பக்கம் போங்கள். கரையின் குறுக்குவெட்டு ஒரு சரிவகம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஊரே பேசிய பத்தொன்பது கண் மதகு, வரிசையாக அடுக்கிய செவ்வகங்கள். அதை வரைந்து பழகுங்கள். அடுத்த மலரின் அட்டைப்படத்துக்கு ஆசிரியர் குழு வெளியில் ஆள் தேடவேண்டி வராது.