எந்த இயந்திரத்தில் ஓட்டலாம்? – ஒரு லைசென்ஸ் வரியின் கதை

காசு கொடுத்து வாங்கின பொருள் நம்முடையது. வாங்கின அரிசியை எந்தப் பானையில் வேண்டுமானாலும் பொங்கலாம். "எங்க கடைப் பானையில்தான் பொங்கணும்" என்று கடைக்காரர் சொன்னால் சும்மா விடுவோமா? ஆனால் மென்பொருள் விஷயத்தில் அப்படியும் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிபந்தனைக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் எப்படியெல்லாம் பொருள் கொண்டன என்பது சுவையான வரலாறு. நம் பழைய மாணவர்களுக்கும், இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் பயன்படட்டும் என்று சுருக்கமாகத் தருகிறேன்.

ஆரம்ப காலத்தில் இந்தத் தகராறே கிடையாது. ஐ.பி.எம். கம்ப்யூட்டர் எடுத்தால் மென்பொருளும் கூடவே வரும். அதற்கென்று தனி விலை இல்லை. 1969 ஜூனில்தான் மென்பொருள்களில் சிலவற்றுக்குத் தனி விலை வைக்கப்போவதாக ஐ.பி.எம். அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்கானது. தனிச் சரக்கு என்றால் தனி நிபந்தனைகளும் வரும்தானே!

அதே 1969-ல் டேட்டா ஜெனரல் என்ற அமெரிக்கக் கம்பெனி 'நோவா' மினி கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டங்களில் ஒன்று ஆர்.டாஸ். எங்கள் சி.பி.யு.வில் மட்டுமே அதை ஓட்டலாம் என்பது லைசென்ஸ் நிபந்தனை. நோவாவைப் போலவே இயங்கும் இயந்திரங்களைச் செய்த டிஜிடைன் முதலிய போட்டியாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1984-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிபந்தனை சட்டவிரோதம் என்றது.

காரணம் என்ன? வாடிக்கையாளர்கள் ஆர்.டாஸை நம்பித் தங்கள் புரோகிராம்களை எழுதிவிட்டார்கள். வேறு சிஸ்டத்துக்கு மாறினால் அத்தனையையும் திரும்ப எழுத வேண்டும், செலவு தாங்காது. இப்படி மாட்டிக்கொண்டவரிடம் "மென்பொருள் வேணுமா, எங்க பெட்டியையும் சேர்த்து வாங்கு" என்பது போட்டிச் சட்டப்படி தவறு என்று முடிவானது. 1985-ல் உச்ச நீதிமன்றமும் இந்த வழக்கை விசாரணைக்கு ஏற்கவில்லை.

'அப்பாடா, முடிந்தது' என்று நினைத்தவர்கள் 2008 வரை காத்திருந்திருக்க வேண்டும்! அந்த ஆண்டு ஏப்ரலில் ஃபுளோரிடாவின் சைஸ்டார் என்ற சிறு கம்பெனி, ஆப்பிளின் மேக் ஓ.எஸ். ஓடக்கூடிய சொந்தக் கம்ப்யூட்டர்களை விற்கத் தொடங்கியது. ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. ஆப்பிள் லைசென்ஸில் இருந்த சொல் 'ஆப்பிள் லேபிள்ட் கம்ப்யூட்டர்', அதாவது ஆப்பிள் லேபிள் உள்ள கம்ப்யூட்டர்.

இந்தச் சொல்லை வைத்து ஒரு வேடிக்கையும் கிளம்பியது. ஆப்பிள் பெட்டியோடு ஸ்டிக்கர் கொடுக்கிறார்களே, அதை எடுத்து நம் கம்ப்யூட்டரில் ஒட்டிவிட்டால் லேபிள் வந்தாச்சே! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு சொல் இரு பொருள் தந்தால், எழுதியவருக்கு எதிரான பொருளைக் கொள்ளலாம் என்று ஒரு விதியும் உண்டு. ஆனால் நியாயமாகப் படிக்கிற ஒருவருக்குப் பொருள் தெளிவாக இருந்தால் அந்த விதிக்கு வேலையில்லை. பிற்காலத்து உரிமங்களில் ஆப்பிள் 'ஆப்பிள் பிராண்டட்' என்று எழுதிக்கொண்டது.

சைஸ்டார் ஸ்டிக்கரை நம்பவில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருடனும் பிரிக்காத மேக் ஓ.எஸ். டிஸ்க் ஒன்றையும் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்து விற்றது. ஆப்பிளுக்கு என்ன நஷ்டம் என்பது அதன் வாதம். ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருந்தது அந்த டிஸ்கிலிருந்து ஏற்றியது அல்ல. மாற்றங்கள் செய்து தயாரித்த ஒரு மூலப் பிரதியிலிருந்து எடுத்த நகல். 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் இதைப் பதிப்புரிமை மீறல் என்றார். 2011-ல் மேல்முறையீட்டிலும் ஆப்பிளே ஜெயித்தது. ஜெயிக்க வைத்தது எது? அதே ஒன்பதாவது வட்டார நீதிமன்றம்!

ஒரே கோர்ட், ஒரே மாதிரி நிபந்தனை, இரண்டு முடிவுகள். முதல் வழக்கில் கேள்வி சந்தையைப் பற்றியது. இரண்டாவதில் நகல் எடுக்கும் உரிமையைப் பற்றியது. சைஸ்டாரும் போட்டிச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தது. மேக் மட்டுமே தனிச் சந்தை ஆகாது என்று 2008-லேயே அது தள்ளுபடியானது. ஆப்பிள் யாரையும் சொந்தமாக ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதக் கூடாது என்று தடுக்கவில்லையே என்றும் மேல்கோர்ட் கூறியது.

மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை 2017 டிசம்பரில் நடந்தது. என்விடியா தன் விலை குறைந்த ஜீஃபோர்ஸ் கார்டுகளின் டிரைவர் மென்பொருளை டேட்டா சென்டரில் பயன்படுத்தக் கூடாது என்று லைசென்ஸில் சேர்த்தது. பிளாக்செயினுக்கு மட்டும் விலக்கு. கார்டு நம்முடையது, எங்கே வேண்டுமானாலும் செருகலாம். டிரைவர் இல்லாமல் அது என்ன செய்யும்? டேட்டா சென்டர் என்றால் எது? பத்து கார்டுகள் உள்ள கல்லூரி லேபா? லைசென்ஸில் விளக்கம் இல்லை. கேள்விகள் எழுந்த பிறகு, அந்த அளவுக்குப் போகாத ஆராய்ச்சிகளைத் தடுப்பது நோக்கமல்ல என்று கம்பெனி சொன்னது. வாய்ச் சொல் வேறு, லைசென்ஸ் எழுத்து வேறு.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் லேப் அமைப்பீர்கள், கம்பெனி தொடங்குவீர்கள். மெஷின் வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள்: மென்பொருளை வாங்குகிறோமா, உரிமம்தான் பெறுகிறோமா? எந்த இயந்திரம் என்று எந்தச் சொல்லால் எழுதியிருக்கிறது? அந்தச் சொல்லுக்கு உள்ளேயே விளக்கம் உண்டா? விளக்கம் இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று பெரியவர்கள் சொன்னது பத்திரத்துக்கு மட்டுமல்ல. 'ஐ அக்ரீ' பட்டனுக்கும்தான்.